மலைச் சைக்கிளைப் பள்ளியில் கற்பிப்பது தேவையா?

நடைவழி:
கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் எங்கள் பகுதிப் பள்ளியில் மலைச் சைக்கிள் அணி தொடங்கப் போகிறார்கள். காலத்துக்கும் நிலைக்கும் வெளிப்புறக் கல்வி இது என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். நான் எதிர்க்கிறேன். இந்த விளையாட்டு எப்படிப் பிறந்தது? 1976இல் மரின் மாவட்டத்தில், ஃபேர்ஃபாக்ஸ் அருகே ஒரு செங்குத்தான மண் பாதையில் பழைய கனத்த சைக்கிள்களில் இறங்கி, யார் முந்துகிறார் என்று நேரம் குறித்தார்கள். பிரேக்கில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். திரும்ப அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். வேகத்துக்காகவே பிறந்த ஒன்று பிள்ளைகளுக்குக் காட்டை எப்படிக் காட்டும்? நடக்கப் பழக்குங்கள், போதும்.

செம்மண்:
ஐயா, நான் பக்கத்து ஊர் அணியில் தன்னார்வப் பயிற்றுநர். தொடக்க வகுப்புகளில் மலைப் பக்கமே போக மாட்டோம், புல்தரைதான். இரண்டு பெடலும் சமமாக, முழங்கை மடங்கி, பிரேக்கில் ஒரு விரல், பார்வை சக்கரத்தில் இல்லாமல் தூரத்தில். பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கினால் மண் பறியும் என்பதால் அதை அப்போதே கண்டிப்போம். நடந்து வருபவருக்கு வழி விட வேண்டும். குதிரை வந்தால் இறங்கி, சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி நின்று, சவாரி செய்பவரிடம் பேச வேண்டும். குரல் கேட்டால்தான் எதிரில் நிற்பது மனிதர் என்று குதிரைக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை கற்கும் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நடைவழி:
விதிகள் நல்லவைதான். ஆனால் சைக்கிள் விலை? தலைக்கவசம், பராமரிப்பு, போட்டிகளுக்குப் பயணம்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைப்பதைக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காறை எலும்பு முறிந்தால் யார் பொறுப்பு?

இரு பிள்ளைகளின் தாய்:
எலும்பு முறிவைப் பற்றிய அச்சம் எனக்கும் உண்டு, அண்ணா, அது நியாயமானது. ஆனால் என் மகள் கூடைப்பந்து அணியில் பருவம் முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். 2009இல் தொடங்கிய தேசியப் பள்ளி சைக்கிள் சங்கமான நைக்காவின் அணிகளில் யாரையும் உட்கார வைப்பதில்லை. வேகமானவளும் மெதுவானவளும் ஓட்டுகிறார்கள். வீட்டில் இப்போது வானிலையைப் பார்ப்பவள் அவள்தான். பக்கத்து மலைகளில் இருக்கும் ஹென்றி கோ மாநிலப் பூங்காவில் அரை அங்குல மழை பெய்தால் 48 மணி நேரம் ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் கூடாது. ஈரக் களிமண்ணில் சக்கரம் பதிந்தால் அந்தத் தடத்திலேயே அடுத்த மழைநீர் ஓடிப் பாதையை அரிக்கும் என்று எனக்கு விளக்கியவளும் அவள்தான்.

நடைவழி:
அம்மா, மகளுக்கு வாழ்த்துகள். ஆனால் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது மழையும் மண்ணும். சைக்கிள் எதற்கு?

செம்மண்:
அந்தப் பாதையை அவள் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால்தான் ஐயா! எங்கள் பிள்ளைகள் மண்வெட்டி பிடிக்கிறார்கள். பாதை மலைச்சரிவின் குறுக்கே போக வேண்டும், வெளிவிளிம்பு சற்றே தாழ வேண்டும், அப்போதுதான் நீர் பாதையில் ஓடாமல் பக்கவாட்டில் வடியும். பாதையின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டினால் அது ஓடையாகிவிடும். புத்தகத்தில் படித்தால் மறக்கலாம். தான் வெட்டிய வடிகால் மழைக்குப் பின் வேலை செய்ததா என்று ஓடிப்போய்ப் பார்க்கும் பிள்ளை மறக்காது. நாற்பது வயதில் சைக்கிள் ஓட்டாவிட்டாலும் போகட்டும், அந்தக் கண் மிஞ்சும். விலையைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு மட்டும் என்னிடம் மறுப்பு இல்லை. இரவல் சைக்கிள் வைத்திருக்காத அணி கதவைப் பாதி மூடிய அணிதான்.

நடைவழி:
அப்படியானால் கூட்டத்தில் இரண்டு நிபந்தனைகள் வைப்பேன். இரவல் சைக்கிள் தயாராகும்வரை அணி தொடங்கக் கூடாது. பாதை வேலைக்கு வராதவருக்குப் போட்டியில் இடம் கிடையாது. வேகத்தைப் பற்றிய என் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கிறது.

செம்மண்:
இரண்டாவதை நானே முன்மொழிகிறேன். முதலாவதற்காக ஒரு பருவம் தள்ளிப்போட மாட்டேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பேசுவோம்.