கரஸ்ல (அதான், தபால் வழியில்) படிச்சவங்க, இன்னும் மறக்க முடியாத ஒண்ணைச் சொல்லுங்க

பனியன் ஊர்க்காரி:
நானே ஆரம்பிக்கிறேன். பத்தாவதோடு நின்று பனியன் கம்பெனி செக்கிங் செக்‌ஷனுக்குப் போனவள். 18 வயது ஆனால் போதும் என்று சொன்ன திறந்தநிலை பி.ஏ.வில் சேர்ந்து 2009ல் முடித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று 2011ல் பிளஸ் டூவும் தனித்தேர்வராக எழுதி பாஸ். அப்புறம் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதி, சான்றிதழ் சரிபார்ப்பு வரைக்கும் போயாச்சு. அங்கே இருந்தவர் இரண்டு மார்க் ஷீட்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். "பிளஸ் டூ 2011. டிகிரி 2009. வரிசை தலைகீழா இருக்கேம்மா" என்றார். திட்டவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. எல்லாத் தாளையும் தட்டி அடுக்கி, ஃபைல் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். நான் கட்டியிருந்ததைவிட அழகாக. அந்த முடிச்சு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பங்க் பையன், ராம்நாடு:
அக்கா, படிக்கவே கஷ்டமா இருக்கு. எனக்கு நடந்தது வேற மாதிரி. பி.ஏ. பொருளாதாரம், ஞாயிற்றுக்கிழமை கான்டாக்ட் கிளாஸ், ராத்திரி டூட்டி முடித்து பெட்ரோல் வாசனையோடு அப்படியே போய் உட்கார்ந்தேன். ஆறு பேர்தான் வந்திருந்தோம். சார் போர்டில் தேவைக் கோடு வரைந்து, "விலை ஏறினா வாங்குவது குறையும், சரிதானே?" என்றார். தூக்கக் கலக்கத்தில் வாயை விட்டுவிட்டேன்: "பைக்காரங்க விலை ஏறினாலும் அதே நூறு ரூபாய்க்குத்தான் சார் போடச் சொல்வாங்க, லிட்டர்தான் குறையும்." சார் சாக்பீஸை என்னிடம் நீட்டினார். "வாங்க, இதையே எல்லாருக்கும் சொல்லுங்க. செலவு மாறாமல் அளவு மட்டும் குறைந்தால் நெகிழ்ச்சி, அதாவது விலைக்கு ஏற்ப அளவு மாறும் விகிதம், சரியாக 1, புத்தகத்தில் அரைப் பக்கம் இதைத்தான் இழுத்திருக்கான்." என்னை 'வாங்க' என்று கூப்பிட்ட முதல் வாத்தியார் அவர்தான். அந்தப் பேப்பரில் 71.

விதிமுறை வேலு:
முதல் பதிவு போட்ட சகோதரிக்கு: தப்பு உங்கள் பக்கமும் இருக்கிறது. 10, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி, இந்த வரிசை அரசு வேலைக்கு முக்கியம் என்பது எல்லாருக்கும் தெரியும். என் அனுபவம் ஒரு வரிதான்: ஒரு கம்பெனி இன்டர்வியூவில் "ரெகுலரா, கரஸா?" என்று கேட்டு, கரஸ் என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். இனிமேல் சேருகிறவர்கள் கவனிக்கவும். பல்கலைக்கழகங்களைக் கண்காணிக்கும் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பல்கலைக்கழகம் பெயர் இருந்தால் மட்டும் போதாது, அனுமதி பாடவாரியாக, ஆண்டுவாரியாகத் தருகிறார்கள், நீங்கள் சேரும் பாடம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது அந்தப் பிரிவின் தளத்தில் டெப் ஐடி என்ற மாணவர் எண் எடுக்காமல் சேரவே முடியாது. மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் பிளஸ் டூ இல்லாதவர்களுக்கு நடத்தும் பிபிபி என்ற ஆயத்தப் படிப்பு பிளஸ் டூவுக்குச் சமம் இல்லை, அதை நம்பி ஏமாறாதீர்கள். கரஸில் பொறியியல் பக்கமே போகாதீர்கள், அனுமதியில்லாமல் அப்படி நடத்தியதற்கு எதிராக 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தேடிப் படியுங்கள். ஒழுங்காக அனுமதி பெற்ற இடத்தில் படித்தால் ரெகுலர் டிகிரிக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது, இன்டர்வியூ போகும்போது அதன் பிரிண்ட் அவுட் ஒன்று கையில் வைத்திருங்கள். மார்க் ஷீட்டை லேமினேட் பண்ணாதீர்கள்.

அம்மா பொண்ணு:
வேலு சார், அந்த பிரிண்ட் அவுட்டைப் பார்த்தால் பேனாவைத் திறந்துவிடுவாங்களா? அக்கா சேர்ந்தப்போ இந்த வரிசையை யார் சார் சொன்னாங்க? இந்த வரிசையில் படித்தால்தான் அரசு வேலை என்ற அரசாணையே 2009ல்தான் வந்தது. அவங்க அதற்குள் படித்தே முடித்துவிட்டாங்க. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் போர்டு மாட்டி, பத்தாவது இல்லாமலே பட்டம் என்று கூவிக் கூவிச் சேர்த்தவர்களிடம் கேளுங்க இந்தக் கேள்வியை.

சரி, என் கதை. நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் கரஸில் எம்.ஏ. தமிழ். அம்மாவுக்குக் கல்யாணமான வருஷம் பாதியில் விட்ட பி.ஏ.வை எங்களை வளர்த்து முடித்த பிறகுதான் முடித்தாங்க. அசைன்மென்டுக்கு 30 சதவீதம் மதிப்பெண், கையால்தான் எழுதணும், குக்கர் விசில் எண்ணிக்கொண்டே எழுதுவாங்க, இரண்டு பக்கத்தில் மஞ்சள் கறை வேற. ஜூன் பரீட்சைக்கு ஹால் வாசலில் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்துகொண்டு, "பேரன்ட்ஸ் எல்லாம் வெளியே மரத்தடியில் இருங்கம்மா" என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறக்கும் முன்னால் அம்மா கட்டைப்பைக்குள் கையை விட்டு, தண்ணி பாட்டில், கண்ணாடிக் கூடு, தைலம் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அவர் மேஜையிலேயே வைத்து, கடைசியில் ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினாங்க. ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எழுந்து வழி விட்டார்.

பங்க் பையன், ராம்நாடு:
சூப்பர் அம்மா! ரிசல்ட் என்ன ஆச்சு, இரண்டு பேரும் பாஸா?

அம்மா பொண்ணு:
அம்மா பாஸ். எனக்கு ஒரு பேப்பர் அரியர், அதுவும் இலக்கணம்.