மலைப்பள்ளியின் பொறுப்பு என்னிடம் வருகிறது: பரிவோடும் ஒழுங்கோடும் நடத்துவது எப்படி?

கேள்வி: மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு

அனைவருக்கும் வணக்கம். சேலம் நகரை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் இடைநிலை ஆசிரியையாகப் பணியாற்றிவிட்டு, சென்ற ஆண்டு ஏற்காடு மலையில் உள்ள ஈராசிரியர் பள்ளி ஒன்றுக்கு மாறுதலில் வந்தேன். இங்குள்ள தலைமையாசிரியர் இம்மாத இறுதியில் ஓய்வு பெறுகிறார். பொறுப்புத் தலைமையாசிரியையாக நான் இருக்க வேண்டும். மாற்றுப் பணியில் இளம் ஆசிரியர் ஒருவர் வருவார்.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்பவர்களின் குழந்தைகள். நவம்பர் கடைசியில் பழம் பறிப்பு மும்முரமானால் வகுப்பறை காலியாகத் தொடங்கும். வருகிற பிள்ளைகளும் தாமதமாகவே வருவார்கள். தாமதமாக வருபவர்களைக் காலை வணக்கக் கூட்டம் முடியும் வரை வாயிலுக்கு வெளியே நிறுத்துவது நான் முன்பு பணியாற்றிய பள்ளியின் வழக்கம். அதையே இங்கும் செய்தேன். சென்ற டிசம்பரில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அப்படி நிறுத்தியிருந்தேன். அவளுடைய பாவாடை முழங்கால் வரை பனியில் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, "தம்பி தூங்கட்டும்னு இருந்தேன் டீச்சர்" என்றாள். அம்மா விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்விட, இரண்டு வயதுத் தம்பியைத் தூங்க வைத்துப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறாள். அன்று முதல் அந்த வாயிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் உறுத்துகிறது. ஆனால் இரக்கம் காட்டத் தொடங்கினால் பள்ளி தளர்ந்துவிடும் என்று உடன் பணிபுரிந்தவர்கள் எச்சரிக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஆத்தூர்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, சேர்வராயன் மலைப் பள்ளிகளில் பதினோரு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இரக்கத்தால் தளர்ந்த பள்ளி எதையும் நான் பார்த்ததில்லை. தலைமையாசிரியர் எப்போது வருவார், எப்போது போவார் என்பது யாருக்கும் தெரியாத பள்ளிகள்தாம் தளர்ந்தன. நீங்கள் நாள்தோறும் எட்டரை மணிக்கு வாயிலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி உள்ளே அழைத்தால், ஒழுங்கில் பாதி அங்கேயே வந்துவிடும்.

அந்தச் சிறுமியின் தாமதத்துக்குக் காரணம் தம்பி என்று தெரிந்துவிட்டது அல்லவா? இனி அந்தக் காரணம் உங்கள் பொறுப்பு. என் பள்ளியிலும் ஒரு பறிப்புக் காலத்தில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்று வாரம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) போனேன். அவள் ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தாயிடம் படிப்பின் அருமையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நாள் கூலியை விட்டுவிட்டு அந்தத் தாய் வீட்டில் உட்கார முடியாது என்பது எனக்குத் தெரியும். மறுநாள் அங்கன்வாடிப் பணியாளர் அம்மாவைப் பார்த்து, குழந்தையைக் காலையிலேயே வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் வரும் வரை அந்தக் குழந்தை என் வகுப்பறையின் மூலையில் பாயில் படுத்திருந்தது. நாற்பது நாள் அப்படித்தான் ஓடியது. அந்தப் பெண் அதன்பின் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1982-இல் வந்த சத்துணவுத் திட்டத்தை வைத்துத்தான் நாங்கள் பிள்ளைகளின் பசியைச் சமாளித்தோம்; அதுவும் நண்பகலில்தான் கிடைக்கும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் மலையில் மூன்று கிலோமீட்டர் நடந்து ஒன்பதேகாலுக்கு வந்து சேரும் பிள்ளைக்கு முன்னால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்குமானால் அந்தத் திட்டத்தால் அதற்கு என்ன பயன்? சமைக்கும் பெண்களிடம் இரண்டு மூன்று தட்டு எடுத்து மூடி வைக்கச் சொல்லுங்கள். தாமதமாக வந்த பிள்ளை முதலில் சாப்பிடட்டும், காரணத்தைப் பிறகு கேட்கலாம்.

பதில் 2: உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, சேலம்

ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் பிள்ளைகளிடம் உருகுகிற தலைமையாசிரியர்கள் சிலர் ஆசிரியர்களிடம் வேறு முகம் காட்டுவதை நான் அனுபவித்திருக்கிறேன். முன்பு நான் இருந்த ஒரு பள்ளியில், என் தாயார் மருத்துவமனையில் இருந்த வாரத்தில் பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்காக, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வராந்தாவில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டார்கள்; மாலையில் குறிப்பாணையும் வந்தது. அன்று பிற்பகல் என் வகுப்பில் ஒரு சிறுவன் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்றதும் நான் அவன் மீது எரிந்து விழுந்தேன். காலையில் எனக்குக் கிடைத்ததைத்தான் மாலைக்குள் அவனிடம் இறக்கி வைத்தேன் என்பது இரவில்தான் புரிந்தது. உங்களிடம் வரப்போகும் இளம் ஆசிரியர் தவறு செய்தால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள். நன்றாகச் செய்தால் பிள்ளைகள் முன்னிலையில் சொல்லுங்கள்.

வாயிலுக்கு வெளியே நிறுத்துவது பற்றி ஒன்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடை செய்யவில்லை, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பிரம்பைத் தொட்டதே இல்லை என்று நாம் நிம்மதி அடைந்துவிட முடியாது.

பரிவு என்ற பெயரில் சிலர் செய்யும் ஒரு பெருந்தவறையும் சொல்லியாக வேண்டும். ஒரு குழந்தைக்குப் பாலியல் துன்பம் நேர்ந்ததாகத் தெரியவரும்போது, "குடும்ப மானம் போய்விடும், பள்ளியின் பெயர் கெட்டுவிடும்" என்று பேசி மூடி மறைக்கிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வையுங்கள்.

பதில் 3: பெற்றோர், சிவதாபுரம்

நான் ஆசிரியர் அல்லன். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். எட்டாம் வகுப்பு முடித்ததும் பட்டறைக்குப் போய்விட்டேன். பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும் வேலையில் விரல் நுனிகளில் சூடு பட்டுத் தோல் உரிந்திருந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்குப் போனபோது, தலைமையாசிரியர் நான் நீட்டிய தாளை வாங்காமல் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. "சான்றிதழ் தருகிறேன், அப்பாவை ஒருமுறை அழைத்து வா" என்று மட்டும் சொன்னார். அப்பா வரவில்லை. அவரே மிதிவண்டியில் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். நான் திரும்பிப் போன நாளில் பதிவேட்டில் என் பெயர் அடிக்கப்படாமல் இருந்தது. பத்தாம் வகுப்புத் தேறியது அவரால்தான்.

இப்போது என் மகள் படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்களைக் கையெழுத்துப் போட மட்டும் அழைக்காமல், வராத பிள்ளைகளின் பெயர்களை அந்தக் கூட்டத்தில் வாசியுங்கள், அம்மா. எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும்.

கேட்டவர்: மலைப்பள்ளி ஆசிரியை

மூவருக்கும் நன்றி. ஐயாவிடம் இன்னொரு கேள்வி. ஈராசிரியர் பள்ளியில் நானும் வகுப்பு எடுக்க வேண்டும், வருகையைச் செயலியில் பதிவு செய்யச் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏற வேண்டும், பதிவேடுகளும் இருக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் வீடு வீடாகப் போக நேரம் எங்கிருந்து வரும்?

பதில் 1: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஆத்தூர்

எல்லா வீட்டுக்கும் போக முடியாது, அம்மா, நானும் போனதில்லை. தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் பெயரை ஒரு துண்டுத் தாளில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். பெரும்பாலான வாரங்களில் இரண்டு பெயருக்கு மேல் இருக்காது. பள்ளி விட்டுப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு வீட்டை முடித்துவிடலாம். மற்ற வீட்டுக்கு, அதே பாதையில் திரும்பும் பிள்ளைகள் மூலம் "நாளைக்கு உனக்காகக் காத்திருப்பேன்" என்று சொல்லி அனுப்புவேன். முதலில் அந்தச் சிறுமியின் வீட்டிலிருந்து தொடங்குங்கள். டிசம்பர் வருவதற்குள் அங்கன்வாடியில் பேசிவிடுங்கள். உங்கள் அலமாரியில் ஒரு துண்டும், அவள் அளவுக்கு ஒரு மாற்றுச் சீருடையும் இருக்கட்டும்.