விசைப்பலகையில் ஃபெராரி எஃப்40: இடது வளைவுகளில் கார் சுழன்றுவிடுகிறது, உதவி தேவை

கேள்வி – மேகத்தேர்

அனைவருக்கும் வணக்கம். அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தயக் கணினி ஆட்டத்தில் ஃபெராரி எஃப்40 காரை இத்தாலியின் மோன்சா பந்தயத் தடத்தில் விசைப்பலகையைக் கொண்டு ஓட்டிப் பழகிவருகிறேன். ஸ்டியரிங் வீலோ கேம்பேடோ இப்போதைக்கு வாங்கும் நிலையில் இல்லை. நேர்ப்பாதையில் சிக்கல் இல்லை. பிரேக்கும் ஓரளவு கைவந்துவிட்டது. ஆனால் முதல் சிக்கேனான (வேகத்தைக் குறைக்க அடுத்தடுத்து எதிரெதிராக அமைத்த வளைவுகள்) ரெட்டிஃபிலோவில் வலப்புறம் திரும்பி, உடனே இடப்புறம் திரும்பி வெளியேறும்போது, ஆக்சிலரேட்டரை அழுத்திய மறுகணமே பின்பக்கம் விலகி, கார் வந்த வழியைப் பார்த்தபடி நின்றுவிடுகிறது. அஸ்காரியின் கடைசி இடது வளைவிலும் இதே கதைதான். வலது வளைவுகளான இரண்டு லெஸ்மோக்களில் மட்டும் தடுமாறினாலும் தப்பிவிடுகிறேன்.

திருப்புவதற்கும் வேகத்திற்கும் அம்புக்குறி விசைகள், கியரை ஏற்ற ‘எக்ஸ்’, இறக்க ‘இசட்’. டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ் இரண்டும் (முன்னது ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமலும், பின்னது பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமலும் தடுக்கும் உதவிகள்) ‘ஃபேக்டரி’ நிலையில் உள்ளன. ஸ்டியரிங் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாயிற்று. எதை மாற்ற வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – பழைய கியர்பாக்ஸ்

வணக்கம் நண்பரே. ‘ஃபேக்டரி’ என்றால் அந்த கார் ஆலையிலிருந்து எப்படி வெளிவந்ததோ அப்படி என்று பொருள். 1987இல் அறிமுகமான எஃப்40இல் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் கிடையாது, ஏபிஎஸ்ஸும் கிடையாது. ஆகவே இரண்டும் இயங்குவதாக நீங்கள் நினைத்திருந்தால், உண்மையில் எதுவும் இயங்கவில்லை. ‘ஆன்’ என்று மாற்றினால் ஆட்டமே அவற்றைச் சேர்த்துக் கொடுக்கும். அது காரின் இயல்பைக் கெடுப்பதாகச் சிலர் முகம் சுளிப்பார்கள். விசைப்பலகையில் ஓட்டுபவருக்கு அந்தத் தூய்மைவாதம் தேவையில்லை என்பது என் கருத்து.

அடுத்தது, கோளாறு ஸ்டியரிங்கில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வளைவில் திரும்புவதற்கும் முன்னே தள்ளுவதற்கும் டயருக்கு இருப்பது ஒரே பிடிப்புதான்; ஒன்றுக்கு அதிகம் செலவானால் மற்றதற்குக் குறையும். காலால் மிதிப்பவர் ஸ்டியரிங்கை நேராக்க நேராக்க ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். நம் விசைக்கோ ஒன்று முழுதாக, அல்லது ஒன்றுமே இல்லை. ஏறத்தாழ 478 குதிரைத்திறனும் இரட்டை டர்போவும் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதிச் சக்தியைக் கூட்டும் கருவி) கொண்டு பின்சக்கரங்களை மட்டுமே இயக்கும் காரில், ஸ்டியரிங் இன்னும் திரும்பியிருக்கும்போதே முழு விசையைக் கொடுத்தால் பின்டயர் வழுக்கத்தான் செய்யும். அதைக் கண்டு பதறி விசையைச் சட்டென்று விட்டாலோ எடை முன்பக்கம் சாய்ந்து, பின்பக்கம் இன்னும் லேசாகி, சுழற்சி முழுமையடையும்.

எனவே கியரையே ஆக்சிலரேட்டரின் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். சிக்கேனின் வலது திருப்பத்தை இரண்டாவது கியரில் எடுத்து, இடது திருப்பத்தில் முழுமையாக அழுத்துவதற்கு முன்பே மூன்றாவதுக்கு மாற்றிவிடுங்கள். எஞ்சின் சுற்று இறங்கி, டர்போ முழு வீச்சில் ஊதாத பகுதிக்கு வந்துவிடும்; உயர்ந்த கியரில் சக்கரத்திற்குச் சேரும் முறுக்குவிசையும் குறைவு. கார் சற்று மந்தமாகக் கிளம்பும், ஆனால் நேராகக் கிளம்பும். அதன் பிறகும் விசையை அழுத்திப் பிடிக்காமல், விட்டுவிட்டுத் தட்டி, ஸ்டியரிங் நேராக நேராகத் தட்டுகளுக்கு இடையிலான இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பதில் – நள்ளிரவு ஓட்டி

என்னைக் கேட்டால் மவுஸ் ஸ்டியரிங்கை முயன்று பாருங்கள். விசைப்பலகையை விட எவ்வளவோ நுணுக்கமாகத் திருப்பலாம்.

பதில் – பழைய கியர்பாக்ஸ்

உண்மைதான், ஆனால் மவுஸ் திருப்புவதை மட்டுமே சீராக்கும். ஆக்சிலரேட்டர் அப்போதும் ஒரு பொத்தானாகவே இருப்பதால் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கும். ஸ்டியரிங் அமைப்பில் ஒன்று செய்யலாம்: சாதாரணமாகத் திரும்பும் வேகத்தைக் குறைத்து, எதிர்த்திசைக்கு மாறும் வேகத்தைக் கூட்டி வையுங்கள், பின்பக்கம் விலகும்போது எதிர்ப்பக்கம் ஒடிப்பதற்கு நேரம் கிடைக்கும்.

மேகத்தேர்

மிக்க நன்றி ஐயா. டிராக்‌ஷன் கன்ட்ரோலை ‘ஆன்’ செய்ததும் லெஸ்மோக்கள் சுலபமாகிவிட்டன. ஆனால் சிக்கேனில் நீங்கள் சொன்னபடி மூன்றாவது கியருக்கு மாற்ற முயன்றால், பல நேரங்களில் கியர் விழவே மாட்டேன் என்கிறது. திரையில் எண் 2 என்றே நிற்கிறது, எஞ்சின் அலறுகிறது, கார் அகலமாக வழுக்கிச் செல்கிறது. நேர்ப்பாதையில் அதே விசை ஒருமுறைகூடத் தவறுவதில்லை.

பதில் – தகரக்கொட்டகை

முதல் கேள்வியிலேயே இதற்கான தடயம் இருக்கிறது. இடது வளைவில் மட்டும் தவறுகிறது, வலது வளைவில் தவறுவதில்லை என்றால், அது காரின் குணமல்ல, உங்கள் விசைப்பலகையின் குணம். விலை குறைந்த மெம்பிரேன் (விசைகளுக்கு அடியில் மெல்லிய படலம் கொண்ட) விசைப்பலகைகளில் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி இருக்காது. வரிசைகளும் நிரல்களுமாகப் பின்னிய ஒரு வலையில் எல்லா விசைகளும் உட்கார்ந்திருக்கும். அந்த வலையில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளாக அமையும் விசைகளை ஒருசேர அழுத்தினால், நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகத் தோன்றிவிடும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே, மூன்றாவதாக வரும் விசையை விசைப்பலகை புறக்கணித்துவிடுகிறது. உங்கள் பலகையில் ‘மேல், இடது, எக்ஸ்’ அப்படியொரு கூட்டணி என்று சந்தேகிக்கிறேன்.

சோதிப்பது எளிது. விண்டோஸில் திரை விசைப்பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு, மேல், இடது அம்புக்குறிகளை அழுத்திப் பிடித்தபடி ‘எக்ஸ்’ விசையைத் தட்டுங்கள். திரையில் அது ஒளிராவிட்டால் சந்தேகம் உறுதி. ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்ற விசைகள் மற்றவற்றோடு சேர்த்து அழுத்தப்படுவதற்காகவே இருப்பதால் பெரும்பாலும் இந்த வலையில் சிக்காதபடி அமைக்கப்பட்டிருக்கும். கியரை ஏற்றும் வேலையை இடது ஷிஃப்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

மேகத்தேர்

சோதித்தேன், ‘எக்ஸ்’ ஒளிரவில்லை. இடது அம்புக்குறிக்குப் பதில் வலதை அழுத்தினால் ஒளிர்கிறது. ஷிஃப்டுக்கு மாற்றியபின் ரெட்டிஃபிலோவில் மூன்றாவது கியர் ஒவ்வொரு முறையும் விழுகிறது. காரும் நேராக வெளியேறுகிறது. அஸ்காரியில் இன்னும் சில நேரம் பின்பக்கம் ஆடுகிறது, ஆனால் பிடித்து நிறுத்த முடிகிறது. இருவருக்கும் நன்றி.

பதில் – தகரக்கொட்டகை

மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் இப்போதே செய்துவிடுங்கள்: விண்டோஸ் அமைப்புகளில் ஸ்டிக்கி கீஸ் (ஷிஃப்ட் போன்ற விசைகளை அழுத்திப் பிடிக்காமலே பயன்படுத்த உதவும் வசதி) குறுக்குவழியை அணைத்து வையுங்கள். இடையில் வேறு விசை எதையும் தட்டாமல் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் அதன் அறிவிப்புப் பெட்டி ஆட்டத்தின் நடுவே வந்து நிற்கும். எஃப்40க்கு ஐந்தே கியர் என்பதால் நான்கு தட்டுகளோடு பிழைத்துக்கொள்வீர்கள். ஆறு கியர் காரை எடுத்துக்கொண்டு நீண்ட நேர்ப்பாதையில் இறங்கினால், ஆறாவது கியர் விழும் அதே கணத்தில் அந்தப் பெட்டியும் வந்து விழும்.