நோட்டரி: பெயர் ஒன்று, வேலை வேறு

பவர் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) ஒன்று ஊருக்கு அனுப்ப வேண்டும், நோட்டரியிடம் போனால் எழுதித் தருவாரா? வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் கட்டாயம் கேட்கிற கேள்வி இது. எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

இந்தியாவில் நோட்டரி என்றால் பெரும்பாலும் வக்கீல்தான். இலங்கையில் நொத்தாரிசு (நோட்டரிக்கு அங்குள்ள பெயர்) காணி உறுதியே, அதாவது நிலப் பத்திரமே, எழுதுவார். அதே நினைப்பில் அமெரிக்காவில் ஒரு நோட்டரி முன்னால் போய் உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அவர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை; வங்கி ஊழியராகக்கூட இருக்கலாம். உங்கள் அடையாள அட்டையைப் பார்ப்பார், கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்று முத்திரை வைப்பார். பத்திரத்துக்குள் எழுதியிருப்பது சரியா தப்பா என்பது அவர் பொறுப்பில்லை. வக்கீலாக இல்லாத நோட்டரி விசா, குடியேற்ற விஷயங்களில் ஆலோசனை சொன்னால் அது சட்டவிரோதம். லத்தீன் அமெரிக்காவில் 'நோத்தாரியோ' என்றால் பெரிய சட்ட அதிகாரி. அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு அங்கிருந்து வந்தவர்களை ஏமாற்றுகிற கூட்டமே அமெரிக்காவில் உண்டு.

பிரான்ஸிலும் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் கதை தலைகீழ். அங்கே 'நோத்தேர்' சட்டம் படித்தவர். வீடு வாங்கும்போது அவரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அவர் உங்களுக்காக மட்டும் பேசுகிற வக்கீல் இல்லை, இரு தரப்புக்கும் பொதுவானவர். வழக்காடுவது அவர் வேலையும் இல்லை.

இங்கிலாந்தில் சொலிசிட்டர் (அங்கே ஒரு வகை வக்கீல்) வேறு, நோட்டரி வேறு. (நோட்டரியை நியமிப்பது கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றம். 1533இலிருந்து இப்படித்தான்!) வெளிநாட்டுக்குப் போகிற பத்திரம் என்றால் அங்கே பெரும்பாலும் நோட்டரியைத்தான் கேட்பார்கள்.

இந்தியாவுக்கு அனுப்புவதாக இருந்தால் முத்திரையோடு வேலை முடியாது, அதன்மேல் அப்போஸ்டில் சான்றும் (ஒரு நாட்டுப் பத்திரத்தை இன்னொரு நாடு ஏற்க அரசு தரப்பில் தரும் சான்று) கேட்பார்கள். கனடா இந்த முறைக்குள் வந்ததே 2024 ஜனவரியில்தான். பழைய அனுபவம் உள்ளவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். இந்தியத் தூதரகத்தில் நேரில் போய்ச் சான்று வாங்குகிற வழியும் உண்டு.

அப்புறம், 'பவர் ஆஃப் அட்டர்னி'யில் வருகிற அட்டர்னி வக்கீல் இல்லை. உங்கள் சார்பில் செயல்பட நீங்கள் நியமிக்கிற ஆள், தம்பியாகவும் இருக்கலாம்.

வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள், நோட்டரி முன்னால்தான் போட வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்து, பத்திரத்தில் இனிஷியல் மட்டும் இருந்தால் அதையும் முதலிலேயே சரி செய்துகொள்ளுங்கள்.