ஆப்டோ போட்ட பிறகும் கிரவுண்டைச் சேர்க்கணுமா?

சாலிடர்சாமி:
நம் மன்றத்தின் ரிலே (காயிலில் மின்னோட்டம் போனால் இழுக்கும் சுவிட்ச்) இழையில் ஒருவர், “ஆப்டோவின் இரண்டு பக்கக் கிரவுண்டையும் கட்டாயம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ரிலே இழுக்காது” என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். கூட்டமாக ஆமாம் சாமி வேறு. ஆப்டோ என்றால் ஆப்டோகப்ளர்; பிசி817-ஐப் பாருங்கள், உள்ளே ஒரு எல்இடி, எதிரே ஒரு போட்டோ டிரான்சிஸ்டர், நடுவில் வெளிச்சம் மட்டும்தான். 5000 வோல்ட் தாங்கும் அந்த இடைவெளியை ஒரு துண்டுக் கம்பியால் கெடுப்பதற்கு ஆப்டோ எதற்கு?

காயில்காரன்:
அந்த ஒருவர் நான்தான். நேராகவே சொல்லலாமே, என்ன பயம்? சேர்க்காமல் பார்த்தேன், ரிலே சும்மா கிடந்தது. சேர்த்தேன், ‘டிக்’ என்றது. வேறென்ன சாட்சி வேண்டும்?

சாலிடர்சாமி:
ரிலேவை ஓட்டும் 2என்2222 டிரான்சிஸ்டரின் எமிட்டரை எங்கே கொடுத்தீர்கள்? மைக்ரோகன்ட்ரோலர் கிரவுண்டிலா? அப்படியென்றால் காயில் மின்னோட்டம் 12 வோல்ட் சப்ளைக்கு எந்த வழியாகத் திரும்பும்? எமிட்டரை 12 வோல்ட் பக்கக் கிரவுண்டுக்குக் கொண்டுபோங்கள். ஆப்டோவின் கலெக்டர் 12 வோல்ட்டில், எமிட்டரிலிருந்து 2.2கே வழியாக பேஸுக்கு. பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10கே. இழுக்கும். கிரவுண்டைச் சேர்க்க வேண்டாம்.

ஓம்ஸ்தம்பி:
இரண்டு பக்கமும் ஒரே சப்ளையிலிருந்து வந்தால் கிரவுண்ட் ஏற்கெனவே ஒன்றுதானே? எதற்கு இத்தனை சண்டை?

சாலிடர்சாமி:
அப்போது ஆப்டோவைக் கழற்றி வைத்துவிட்டு டிரான்சிஸ்டரை நேராக ஓட்டுங்கள். அலங்காரத்துக்கா அது?

காயில்காரன்:
ரிலே போர்டு செய்பவர்களே ரிலே பக்கச் சப்ளையான ஜேடி-விசிசியை விசிசியோடு சேர்க்கும் ஜம்பரைப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?

சாலிடர்சாமி:
ஜம்பர் என்றாலே கழற்றத்தான். கழற்றி, ரிலேவுக்குத் தனி சப்ளை கொடுங்கள். இந்தப் பக்கம் விசிசியும் உள்ளீட்டுக் கம்பிகளும் போதும், கிரவுண்ட் வேண்டாம். திரும்பச் சொல்கிறேன்: கிரவுண்டைச் சேர்த்தால் ஐசோலேஷன், அதாவது இரண்டு பக்கமும் மின்தொடர்பில்லாமல் பிரிந்திருப்பது, இல்லை.

காயில்காரன்:
555 டைமர் ஐசி இழையில் அதன் ஐந்தாம் காலுக்கு கெப்பாசிட்டரே தேவையில்லை என்று சாதித்தவர்தானே நீங்கள்? இப்போது இரைச்சலைப் பற்றிப் பாடம் நடத்துகிறீர்கள்.

சாலிடர்சாமி:
அது வேறு சுற்று. பேச்சை மாற்றாதீர்கள்.

புதுக்கம்பி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 5 வோல்ட் பின்னிலிருந்து ஆப்டோவின் எல்இடிக்கு எத்தனை ஓம் போடலாம்?

ஓம்ஸ்தம்பி:
330.

சாலிடர்சாமி:
390. எல்இடியில் 1.2 வோல்ட் போனால் மீதி 3.8, கிட்டத்தட்ட 10 மில்லி ஆம்பியர். சிடிஆர், அதாவது எல்இடி மின்னோட்டத்தில் எத்தனை சதவீதம் மறுபக்கம் கிடைக்கும் என்பது, ஆகக் குறைந்த 50 சதவீதமாக இருந்தாலும் அந்தப் பக்கம் 5 மில்லி ஆம்பியர் கிடைக்கும், பேஸுக்கு அது தாராளம்.

ஓம்ஸ்தம்பி:
330 போட்டால் என்ன, வெடித்துவிடுமா? பதினொன்றரை மில்லி ஆம்பியர்தான்.

சாலிடர்சாமி:
வெடிக்காது. எல்இடியைக் கூடுதலாக ஓட்ட ஓட்ட சிடிஆர் சீக்கிரம் தேயும். டேட்டாஷீட் வாசிக்கிற பழக்கம் இருந்தால் இந்தக் கேள்வியே வராது.

ஓம்ஸ்தம்பி:
வந்துவிட்டதய்யா டேட்டாஷீட் புராணம்.

காயில்காரன்:
பாருங்கள், கேட்டது ஒரு ரெசிஸ்டர், கிடைத்தது பிரசங்கம். என் சுற்றில் கிரவுண்ட் சேர்த்துத்தான் இருக்கிறது, ரிலே இழுக்கிறது.

சாலிடர்சாமி:
இழுக்கத்தான் செய்யும். ரிலே விடுபடும்போது மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆனால் மட்டும் இங்கே வந்து அழாதீர்கள். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடைத் தலைகீழாகப் போட்டீர்களா, இல்லை அதற்கும் ஒரு கம்பியா?

காயில்காரன்:
1என்4148 போட்டிருக்கிறேன். அதற்கும் ஒரு வழக்கு நடத்துங்கள்.

சாலிடர்சாமி:
நடத்தாமல் விடுவேனா? காயில் எத்தனை ஓம், முதலில் அதைச் சொல்லுங்கள்.