மஞ்சத் துணியா, தூசியா?

கருப்பு_வண்டிக்காரன்:
நேத்து இங்க ஒருத்தர், "மஞ்சத் துணியால ஸ்வர்ல் (பெயின்ட்டுல வட்ட வட்டமா விழற மெல்லிசுக் கீறல்) விழாது, 20 வருஷமா அதாலதான் காரைத் துடைக்கிறேன்"னு எழுதியிருந்தார். படிச்சதுல இருந்து மனசு ஆறல. என் வண்டிக்கு நாலு வயசு. காலை வெயில்ல பானெட்டைப் பார்த்தா, சூரியன் விழற இடத்தைச் சுத்தி சிலந்தி வலை கட்டின மாதிரி கோடு. தினமும் அந்தத் துணியால காஞ்ச தூசியைத் துடைச்ச வினைதான். அதை எடுக்க ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு எனக்கு. ஷாம்பு வாஷ், கிளே (ஒட்டின அழுக்கை இழுத்தெடுக்கிற களிமண் கட்டி), ரப்பர் ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப், அப்புறம் டிஏ மெஷின்ல (சுத்திக்கிட்டே ஆடுற பாலிஷ் மெஷின்) பாலிஷ். ரெண்டடிக்கு ரெண்டடி, குறுக்க நெடுக்க, அவசரப்படாம. தயவுசெஞ்சு அந்தத் துணியைத் தொடாதீங்க.

திருச்சி_பழைய_கை:
அந்த "ஒருத்தர்" நான்தான் தம்பி, நேராவே கேட்டிருக்கலாம். பருத்தித் துணி பெயின்ட்டைக் கீறுமா? கீறுறது தூசி. துணி மேல பழி போடாதீங்க.

கருப்பு_வண்டிக்காரன்:
தூசியைப் பிடிச்சு பானெட் முழுக்க இழுக்கிறது யாரு அண்ணே? ரோட்டு மண்ணுல இருக்கிறது குவார்ட்ஸ். கிளியர் கோட் (கலர் மேல இருக்கிற நிறமில்லாத பூச்சு) அது முன்னாடி நிக்குமா? மைக்ரோஃபைபர்னா தூசியை இழைக்குள்ள வாங்கிக்கும். உங்க துணி தட்டையா இருக்கு, மண்ணு நேரா பெயின்ட்டுல உரசுது.

திருச்சி_பழைய_கை:
அப்போ மண்ணுதான் கீறுதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

கோவை_பாலிஷ்:
தொழிலா செய்றவன் சொல்றேன். கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடி கனம் கூட இல்ல. ஸ்வர்லை எடுக்கிறதுன்னா கீறலைச் சுத்தி இருக்கிற கிளியர் கோட்டைச் சீவி மட்டம் பண்றது. நகத்துல மாட்டுற கீறலை மெஷினால துரத்தாதீங்க, கிளியர் கோட் ஓட்டையாயிடும். கேஜ் வச்சு பெயின்ட் கனத்தை அளக்காம ரோட்டரியை (ஒரே அச்சுல சுத்தி வேகமா சீவுற பாலிஷ் மெஷின்) தூக்குறவங்களைப் பார்த்தாலே வயிறு எரியுது.

திருச்சி_பழைய_கை:
மைக்ரான் கணக்கு யாரு கேட்டா? துணியா, தூசியா, அதைச் சொல்லுங்க.

கோவை_பாலிஷ்:
ரெண்டும்.

திருச்சி_பழைய_கை:
வியாபாரி பதில். போன மாசம் செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல போடுற பாதுகாப்புப் பூச்சு) பேச்சுலயும் இப்படித்தான் ரெண்டு பக்கமும் ஆடினீங்க.

கோவை_பாலிஷ்:
செராமிக் போட்டா கீறலே விழாதுன்னு நான் எப்ப சொன்னேன்? சொன்ன இடத்தைக் காட்டுங்க. காட்டாம பேசாதீங்க.

மடிப்பாக்கம்_அம்மு:
எங்க குடியிருப்புல ஒரு தாத்தா ஒரே பக்கெட் தண்ணில 12 வண்டி துடைக்கிறார். பத்தாவது வண்டிக்கு வரும்போது தண்ணி டீ நிறம். அவரைத் திட்டுறவங்க யாரும் இன்னொரு பக்கெட் வாங்கித் தரல. நான் ரெண்டு பக்கெட்டும் நாலு மைக்ரோஃபைபரும் வாங்கிக் கொடுத்தேன். ஒண்ணுல சோப்பு, ஒண்ணுல துணி அலசுற தண்ணி. இது பெரிய வித்தை இல்ல.

சேலம்_ஓட்டுநர்:
டூத்பேஸ்ட் தேய்ச்சா போயிடும். எதுக்கு மெஷின்?

கோவை_பாலிஷ்:
தேய்ச்ச இடம் மங்கிப் போய் என்கிட்டதான் வண்டி வருது.

கருப்பு_வண்டிக்காரன்:
எனக்கு ஒரு கடையில நடந்ததைச் சொல்றேன். 4500 ரூபா வாங்கி "ஸ்வர்ல் எடுத்தாச்சு"ன்னாங்க. கண்ணாடி மாதிரி இருந்தது. ரெண்டு வாஷ்ல எல்லாம் திரும்பி வந்தது. மெழுகால கீறலை அடைச்சிருக்காங்க. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணியால மெழுகு போகத் துடைச்சு, டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுப் பணம் கொடுங்க.

திருச்சி_பழைய_கை:
கடைக்காரன் ஏமாத்தினதுக்கும் என் துணிக்கும் என்ன சம்பந்தம்?

கருப்பு_வண்டிக்காரன்:
அந்தக் கோடு விழுந்ததே துணியாலதான் அண்ணே!

திருச்சி_பழைய_கை:
தூசியால. இப்பதான் ஒத்துக்கிட்டீங்க, மேல போய்ப் படிங்க. என் வண்டியில ஒரு கோடு கிடையாது. நேர்ல வந்து பாருங்க.

கருப்பு_வண்டிக்காரன்:
உங்களுது வெள்ளை வண்டி. வெள்ளையில கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி டார்ச்சைக் கிட்ட வச்சுப் பாருங்க.

திருச்சி_பழைய_கை:
ராத்திரியில டார்ச் அடிச்சு எவன் வண்டி பார்ப்பான்? 20 வருஷமா துடைக்கிறேன், எனக்குப் பாடம் எடுக்காதீங்க.

மடிப்பாக்கம்_அம்மு:
அந்தத் துணியை எத்தனை நாளைக்கு ஒரு தடவை துவைப்பீங்கன்னு மட்டும் சொல்லுங்க சார்.

திருச்சி_பழைய_கை:
அது என் வீட்டு விஷயம். கோவைக்காரர் இன்னும் பதில் சொல்லல. துணியா, தூசியா?