புதுப்பிப்பு: மகளை விடுதிப் பள்ளிக்கு அனுப்பவில்லை

போன பதிவில் கேட்டிருந்தேன்: ஊழியத்துக்காக வெளிநாட்டில் இருக்கிறோம், பெரியவளை விடுதிப் பள்ளியில் சேர்ப்பதா, கூடவே வைத்துக்கொள்வதா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கூடவே வைத்துக்கொண்டோம். வீட்டிலேயே படிப்பு.

கணக்குப் பாடம்தான் தினமும் ஒரு மல்லுக்கட்டு. நடத்திக்கொண்டிருக்கும்போதே யாராவது ஜெபத்துக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். இப்போதெல்லாம் காலையில் கதவைத் திறப்பதில்லை. சபையில் சிலருக்கு வருத்தம்தான். இருக்கட்டும்.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார், பிள்ளைகளைப் பற்றி யோசிக்காதீர்கள்" என்று எழுதியவருக்கு: இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793இல் குடும்பத்தோடு இந்தியா வந்தார். மறு வருஷமே மகன் பீட்டர் இறந்தான். மனைவி டோரத்தி மனம் பேதலித்து, அப்படியே 1807இல் இறந்துபோனார். மேடையில் நாம் பேசுவதென்னவோ கேரியின் வேதாகம மொழிபெயர்ப்புகளைப் பற்றி மட்டும்தான்.

சந்தோஷமும் இல்லாமல் இல்லை. சின்னவன் தெருப் பிள்ளைகளோடு விளையாடியே இந்த ஊர் மொழியைப் பிடித்துவிட்டான். என் பிரசங்கத்தில் வினைச்சொல் தப்பினால் முன்வரிசையிலிருந்தே சத்தமாகத் திருத்துகிறான்; சபையே சிரிக்கிறது. பெரியவளுக்குத்தான் இன்னும் ஒரு தோழி அமையவில்லை. விடுப்பில் ஊருக்குப் போய்வருவது பற்றி மிஷன் அலுவலகத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். முடிவானதும் எழுதுகிறேன்.